சிக்னல் முழுசாக இருக்கிறது, நெட் வரவில்லை: அலுவலக வைஃபையில் எதை முதலில் பார்ப்பது?

போனில் வைஃபை கோடுகள் முழுசாக நிற்கின்றன, பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே எழும் குரல், "ஆக்சஸ் பாயின்ட் போய்விட்டது, மாற்றுங்கள்" என்பதுதான். அந்தக் கோடுகளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஏபி, அதாவது வைஃபையைப் பரப்பும் அந்த ஆக்சஸ் பாயின்ட், பேசுவது போனுக்குக் கேட்கிறது. போன் பேசுவது ஏபிக்குக் கேட்கிறதா, ஏபிக்குப் பின்னால் கேபிளும், கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சும், வலையில் போனுக்குக் கிடைக்கும் ஐபி முகவரியும் ஒழுங்கா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. வைஃபை கோளாறு என்று வரும் புகார்களில் கணிசமானவை காற்றில் இருப்பதே இல்லை. கூரைக்கு மேல் ஓடும் கம்பியிலும் சுவிட்ச் செட்டிங்கிலும்தான் இருக்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் மின்சாரம். வணிக ஏபிகளுக்குத் தனி அடாப்டர் போடுவது அரிது. நெட்வொர்க் கேபிள் வழியாகவே, பிஓஇ முறையில், மின்சாரம் போகும். இதில் 802.3 ஏஎஃப் தரம் சுவிட்ச் பக்கத்தில் 15.4 வாட் கொடுக்கும். கேபிளில் விரயமானது போக ஏபிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். ஏடி தரம் 30 வாட் கொடுத்து 25.5 வாட் சேர்க்கும். புதிய தலைமுறை ஏபிகள் பல ஏடியை எதிர்பார்ப்பவை. அவற்றை ஏஎஃப் சுவிட்சில் செருகினால் விளக்கு எரியும், போனில் வைஃபை பெயர் தெரியும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் உள்ளே சில ஆன்டெனாக்களை அணைத்துவிட்டு, ஒலிபரப்பு சக்தியையும் குறைத்துக்கொண்டு ஓடும். வேகம் ஏன் இல்லை என்று சேனலை மாற்றி மாற்றிப் பார்த்து நாள் போய்விடும்.

போர்ட் கணக்கோடு மொத்தக் கணக்கையும் பாருங்கள். 8 போர்ட் சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டும் 30 வாட் தரும் என்று எழுதியிருக்கும், ஆனால் சுவிட்சின் மொத்த பிஓஇ பட்ஜெட் 120 வாட்டாக இருக்கலாம். ஆளில்லாதபோது ஏபி குறைவாகத்தான் இழுக்கும், கூட்டம் சேர்ந்ததும் அதிகம் கேட்கும். காலையில் சரியாக ஓடி மதியம் மட்டும் தானாக ரீஸ்டார்ட் ஆகும் ஏபியின் பின்னால் இந்தப் பற்றாக்குறை ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். கேபிளில் மின்சாரம் ஏற்றும் 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எதிரில் இருப்பது என்ன கருவி என்று கேட்காமலே அவை மின்சாரத்தை அனுப்பும். பொருந்தாத கருவியில் செருகினால் போர்ட் கருகலாம்.

அடுத்தது கேபிள். ஸ்பீடு டெஸ்ட் எத்தனை முறை ஓட்டினாலும் 94 எம்பிபிஎஸ் அருகிலேயே வந்து நிற்கிறதா? ஏணி போட்டு ஏறுமுன் சுவிட்சில் அந்தப் போர்ட்டின் லிங்க் வேகத்தைப் பாருங்கள், 100 என்று இருக்கும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்கள் போதும். நீலம் அல்லது பிரவுன் ஜோடியில் ஒரு கம்பி, பிளக்கை அழுத்திப் பொருத்திய கிரிம்ப்பில் சரியாக உட்காராவிட்டால் லிங்க் அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். தலையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தால் ஐந்து நிமிட வேலை. இன்னொரு வில்லன், செம்பு பூசிய அலுமினியக் கேபிள். கம்பியின் மேற்பூச்சைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மின்தடை அதிகம் என்பதால் தூரம் கூடக்கூட வோல்டேஜ் விழும், ஏபி அடிக்கடி அணைந்து எழும். பேட்ச் கார்டுகளையும் சேர்த்து 100 மீட்டர்தான் எல்லை. அதுவும் முழுச் செம்புக் கேபிளுக்கு.

ஏபியை மாட்டுவதற்கு முன்பே மேசையில் வைத்து ஃபர்ம்வேர் (ஏபிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட், நாடு தேர்வு, அட்மின் பாஸ்வேர்டு மூன்றையும் முடித்துவிடுங்கள். பின்பக்க ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு, கருவியின் அடையாளமான மேக் முகவரியும் சீரியல் எண்ணும் கூரையைப் பார்த்தபடி இருக்கும்.

சீலிங்கில் மாட்டும் ஏபியின் சிக்னல் விரித்த குடைபோல் பக்கவாட்டிலும் கீழேயும் பரவும்படி வடிவமைக்கப்பட்டது. அதைச் சுவரில் மாட்டினால் குடை சாய்ந்து, சிக்னலில் ஒரு பங்கு மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் போகும். ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ளே ஒளித்து வைப்பதும் தவறு. ஏசி டக்ட், உலோகச் சட்டம், தூசி, சூடு எல்லாம் அங்கேதான். நீண்ட காரிடாரில் வரிசையாக மாட்டுவது கேபிள் இழுப்பவருக்கு வசதி, ஆனால் ஏபிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் கேட்டுத் தொல்லைப்படும். ஆட்கள் உட்காரும் அறைக்குள் மாட்டுவதே சரி.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம். "எல்லாரும் 6ல் இருக்கிறார்கள், நாம் 4க்குப் போவோம்" என்பது புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பார்கள். 4க்குப் போனால் 1ல் பேசுவதும் 6ல் பேசுவதும் புரியாத இரைச்சலாக வந்து விழும். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5 கிகாஹெர்ட்ஸில் ஏபிகள் நெருக்கமாக இருந்தால் 20 அல்லது 40. பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஆசைப்பட்டு 80 வைத்தால் பக்கத்து ஏபிக்குத் தனிச் சேனல் மிஞ்சாது. டிஎஃப்எஸ் சேனல்களில், அதாவது ரேடாரும் பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில், ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 வினாடி கேட்ட பிறகே ஏபி ஒலிபரப்பலாம். அதனால் ரீபூட்டுக்குப் பின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தாமதமாக வருவது கோளாறு அல்ல. பதறி மறுபடி ரீபூட் செய்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

சக்தியை உச்சத்தில் வைப்பதும் வீண். ஏபியின் குரல் தூரத்துப் போனுக்குக் கேட்கும், போனின் சன்னக் குரல் ஏபிக்கு எட்டாது. முழுக் கோடு இருந்தும் நெட் வராததற்கு இதுவும் ஒரு காரணம். நடந்து போகும் போன் பழைய ஏபியையே பிடித்துக்கொண்டு தொங்குவதும் இதனால்தான். அழைப்புகள் தடையில்லாமல் போக, போன் இருக்கும் இடத்தில் சிக்னல் -67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்) சுற்றி இருந்தால் போதும். அதற்கேற்ப சக்தியை இறக்குங்கள், 2.4ஐ 5ஐ விட இன்னும் கீழே.

இனி வைஃபை பெயரும் முகவரியும். ஒவ்வொரு வைஃபை பெயரும் ஒவ்வொரு ஏபியிலிருந்தும் வினாடிக்குப் பத்து முறை அளவில் தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும். துறைக்கொரு பெயர் என்று எட்டு வைத்தால் அறிவிப்புக்கே காற்று நேரம் போய்விடும். ஊழியர், விருந்தினர், பிரிண்டர் போன்ற கருவிகள் என மூன்று தாராளம். ஒவ்வொன்றுக்கும் தனி விஎல்ஏஎன், அதாவது ஒரே கம்பியில் எண் போட்டுப் பிரித்த தனி வலை, கொடுத்தால், ஏபி செருகிய சுவிட்ச் போர்ட்டிலும் அதே எண்கள் டேக் ஆகியிருக்க வேண்டும். மறந்துவிட்டால் பாஸ்வேர்டு ஏற்கும், போன் "ஐபி முகவரி பெறுகிறது" என்பதிலேயே நிற்கும், விண்டோஸ் லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரியும். எந்த ஏபியிலும் ஒரு பெயருக்கு மட்டும் இப்படி நடந்தால் கோளாறு அந்த விஎல்ஏஎன் அல்லது அதற்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி. ஒரே ஒரு ஏபியில் மட்டும் என்றால் அந்தப் போர்ட்.

காலையில் வந்தவர்களுக்கு நெட் கிடைத்து, பதினொரு மணிக்கு வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லையா? முகவரி தீர்ந்திருக்கும். 255.255.255.0 வலையில் மொத்தமே 254 முகவரிகள். ஒரு முகவரியைக் கருவி வைத்திருக்கும் லீஸ் காலம் 24 மணி நேரம் என்றால், வந்துவிட்டுப் போன விருந்தினரின் போனும் ஒரு முகவரியை நாள் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும். விருந்தினர் வலைக்கு ஒரு மணி நேர லீஸ் போதும். சிலருக்கு மட்டும் சம்பந்தமில்லாத கேட்வே (வலையிலிருந்து வெளியே போகும் வாசல்) முகவரி வந்தால், யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதன் லான் போர்ட்டில் அலுவலகக் கேபிளைச் செருகியிருக்கிறார் என்று பொருள். அது தன் பங்குக்கு முகவரி வழங்கிக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பு முறையாக, டபிள்யூபிஏ2வை விடப் புதிய டபிள்யூபிஏ3 வைக்க முடிந்தால் வையுங்கள். 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ2 இயங்கவே இயங்காது. டபிள்யூபிஏ3 தெரியாத பழைய பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர்களைத் தனிப் பெயருக்குத் தள்ளிவிடலாம். ஊழியரின் லாகினைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வைத்திருப்போர் அதன் சான்றிதழ் காலாவதி நாளைக் காலண்டரில் குறித்துவைக்கவும். ஒரே காலையில் அலுவலகம் மொத்தமும் துண்டிக்கப்படும்போது ஏபிமேல்தான் பழி விழும்.

புகார் வந்ததும் லேப்டாப்பில் மூன்று பிங் (பதில் வருகிறதா என்று ஒரு முகவரிக்கு அனுப்பும் சோதனை) போதும். கேட்வேக்குப் பிங் அறுபட்டால் கோளாறு காற்றிலோ ஏபி கேபிளிலோ இருக்கிறது, அதே சுவிட்சில் கேபிளால் இணைத்துச் சோதித்தால் எது என்று பிரிந்துவிடும். கேட்வே சரி, இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 வரவில்லை என்றால் வெளி இணைப்பு. அதுவும் வந்து, தளத்தின் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ். எத்தனை பேருக்கு, எந்த ஏபியில், எந்த வைஃபை பெயரில் என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரீபூட்டுக்கு முன் லாகை, அதாவது ஏபி எழுதிவைத்த நிகழ்வுப் பதிவை, எடுத்துவிடுங்கள். பல ஏபிகளில் ரீபூட்டோடு அது அழிந்துவிடும், அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. ரீசெட் பொத்தான் கடைசிக் கட்டத்துக்கு. அழுத்துவதாக இருந்தால் முதலில், ஏபிகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் அந்த ஏபியைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இல்லாவிட்டால் சில கன்ட்ரோலர்கள், ரீசெட் ஆகி வந்த ஏபியைப் பழைய கணக்கிலேயே வைத்துக்கொண்டு மறுபடி சேர்க்க மறுக்கும். கூரையில் ஏபி விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், திரையில் ஆஃப்லைன் என்றே காட்டும்.