'நீயும் திருப்பி அடி' என்று சொல்லி அனுப்பாதீர்கள்

இதே கதையை இன்னொரு முறை கேட்ட பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் வகுப்புப் பையன். பள்ளி வேனின் பின் இருக்கையில் உட்காரும் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் தினமும் அவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, ஆளுக்கு ஆள் தூக்கிப் போட்டு விளையாடிவிட்டு, இறங்கும்போது காலியாகத் திருப்பித் தருவார்கள். அவனுக்குப் பேச்சு திக்கும். "கொ... கொ... கொடு" என்று அவன் கேட்பதை வேனே சேர்ந்து திருப்பிச் சொல்லும். வீட்டில் சொன்னான். "ஆண் பிள்ளைதானே நீ? திருப்பி அடித்துவிட்டு வா. அழுதுகொண்டு வந்தால் என்னிடமும் வாங்குவாய்" என்றார் அப்பா. ஒரு நாள் அந்த ஸ்டீல் பாட்டிலாலேயே ஒருவன் நெற்றியில் ஓங்கி அடித்துவிட்டான். தையல் போட வேண்டியதாயிற்று. பள்ளி அவனைச் சில நாட்கள் வரவேண்டாம் என்று அனுப்பியது. "இவனுக்குக் கோபம் அதிகம், ஏதாவது செய்யுங்கள்" என்று என்னிடம் அழைத்து வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் மாற்றுவதற்கே அவசியமில்லாத அளவுக்கு இது பொதுவான கதை.

அந்தக் குழந்தைக்குக் கோப நோய் எதுவும் கிடையாது. பெரியவர்கள் சொன்னதைச் செய்தான், அவ்வளவுதான்.

குழந்தைகளோடு பேசுவதே தொழிலாக இருக்கும் எனக்கு, பெற்றோர் தரும் அறிவுரைகளிலேயே அதிகம் எரிச்சலூட்டுவது இந்தத் 'திருப்பி அடி'தான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். தன் பிள்ளை கோழையாகிவிடக் கூடாது என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் இதைச் சொல்பவர்கள் சண்டையையும் வதைப்பதையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். சம பலமுள்ள இரண்டு பிள்ளைகள் ரப்பருக்காக அடித்துக்கொள்வது சண்டை. மாலைக்குள் சேர்ந்து விளையாடுவார்கள். நாம் தலையிடவே வேண்டாம். நார்வேயில் 1970களிலிருந்து இதை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் சொன்ன மூன்று அடையாளங்களைத்தான் எங்கள் துறையில் இன்றும் பார்க்கிறோம்: வேண்டுமென்றே செய்கிறார்கள், திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், இருவருக்கும் பலம் சமமாக இல்லை. மூன்றாவது அடையாளத்தைத்தான் பெற்றோர் கவனிப்பதில்லை. பலம் என்றால் உடம்பு மட்டுமல்ல. வயது, கூட்டம், நிறம், சாதி, பேச்சு, அப்பாவின் வண்டி, தனியார் பள்ளியில் இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை என்ற முத்திரை, எல்லாமே அங்கே கணக்கில் வரும்.

சீண்டுகிற பிள்ளைகள் நான்கைந்து பேரிடம் முயன்று பார்ப்பார்கள். யார் திணறுகிறார்கள், யாருக்காக யாரும் எழுந்து வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகே ஒருவரைப் பிடித்துக்கொள்வார்கள். திருப்பி அடிக்க முடிகிற குழந்தையை அவர்கள் அன்றே விட்டிருப்பார்கள். அடிக்க முடியாது என்பதற்காகவே அகப்பட்டுக்கொண்ட குழந்தையைப் பார்த்து 'அடி' என்கிறோம்.

பிறகு நடப்பதையும் சொல்கிறேன். பெரும்பாலான குழந்தைகள் அடிக்கத் துணிவதில்லை. வேனில் ஒரு தோல்வி, வீட்டில் அப்பா முன்னால் இன்னொரு தோல்வி. இனிமேல் வீட்டில் எதுவும் சொல்லமாட்டார்கள். 'பிரச்சினை தானாகச் சரியாகிவிட்டது' என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கும் மாதங்கள் இவைதான். சிலர் அடித்துப் பார்த்து, கூடுதலாக வாங்கிக்கொண்டு வருவார்கள். மிகச் சிலர் அடித்து ஜெயிப்பார்கள். அப்போதும் முதல் அடியை எந்த ஆசிரியரும் பார்த்திருக்க மாட்டார்; இரண்டாவது அடியை எல்லோரும் பார்ப்பார்கள். அடித்தால் காரியம் நடக்கிறது என்று கற்றுக்கொண்ட குழந்தை அடுத்து முதல் வகுப்புப் பிள்ளையிடம் போகும். தானும் வதைபட்டு மற்றவர்களையும் வதைக்கும் குழந்தைகளே வளர்ந்த பின் மனத்தளவில் அதிகம் துன்பப்படுகிறார்கள் என்பதைக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

"உலகம் அப்படித்தான் டாக்டர், இப்போதே பழகட்டும்" என்பார்கள். நம் ஊர்க் கிணறுகளில் நீச்சல் பழக்குகிறவர்கள்கூட முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, தண்ணீருக்குள் ஒரு ஆள் நின்றுகொண்டுதான் பிள்ளையை இறக்குவார்கள்.

'கண்டுகொள்ளாதே, அவர்களே விட்டுவிடுவார்கள்' என்பது இன்னொரு கட்சி. எப்போதாவது நடக்கும் கேலிக்கு அது போதும். மாதக்கணக்கில் நடப்பதற்குப் போதாது.

எதிர்த்து நிற்பது என்று நான் சொல்வது வேறு. ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது நிமிர்ந்து நின்று ஒரு சொல் சொல்வது. அங்கிருந்து விலகி நடப்பது. நம்பகமான பெரியவரிடம் சொல்வது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தைரியம். பழக்கினால் வரும், புத்திமதியால் வராது.

ஆனால் பழக்குவதற்கு முன் நம் வீட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்ல வீட்டில் அனுமதி இல்லாத குழந்தை வேனில் எப்படிச் சொல்லும்? கல்யாண வீட்டில் மாமா கன்னத்தைக் கிள்ளி, "என்னடி கறுப்பி" என்கிறார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உடனே அம்மா, "மாமா விளையாட்டுக்குத்தானே சொல்கிறார், மரியாதையில்லாமல் போகாதே" என்கிறார். கேலியை விழுங்கிக்கொள்வதுதான் நல்ல பிள்ளையின் லட்சணம் என்று அந்த இடத்தில் அது படித்துக்கொள்கிறது. பெரியவர்கள் பேசும்போது கண்ணைப் பார்த்தால் 'முறைக்கிறாயா?' என்கிறோம், பதில் சொன்னால் 'எதிர்த்துப் பேசாதே' என்கிறோம். என்னிடம் வரும் குழந்தைகளில் பலர் குனிந்த தலையோடு உள்ளே வருவது இதனால்தான். குண்டு, ஒல்லிக்குச்சி, தெத்துப்பல் போன்ற பட்டப்பெயர்கள் பலவும் பள்ளிக்குப் போவது நம் வீட்டிலிருந்துதான். அடுத்த முறை அந்த மாமா வரும்போது, "அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை அண்ணா, பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்" என்று குழந்தையின் காது கேட்க நீங்கள் சொல்லுங்கள். எப்படி நின்று, எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதை அது உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பத்துப் பயிற்சிக்குச் சமம் அது.

இனிப் பயிற்சி. சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் போதும், விளையாட்டாகவே செய்யுங்கள். ஐந்து வயதென்றால் இரண்டு பொம்மைகளை வைத்து நடத்துங்கள். ஏழு, எட்டு வயதென்றால் முதலில் குழந்தை பிடுங்குகிறவனாக நடிக்கட்டும், நீங்கள் பாட்டிலுக்கு உரியவராக நில்லுங்கள். அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பது அந்த நடிப்பிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். கேள்வி கேட்டு வராத விவரமெல்லாம் வரும். அப்புறம் இடம் மாறுங்கள். இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். தோள் நிமிர்ந்திருக்க வேண்டும். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் எதிரில் இருப்பவரின் நெற்றியைப் பார்க்கலாம். குரல் கெஞ்சக் கூடாது, கத்தவும் கூடாது. 'நிறுத்து', 'வேண்டாம்', 'என்னுடையது, கொடு': இவற்றில் ஒன்றைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். நீளமான பதிலடி வசனங்களை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பதற்றத்தில் ஒன்றும் நினைவுக்கு வராது, அதையும் சேர்த்துச் சிரிப்பார்கள். திக்கிப் பேசும் குழந்தைக்கு வார்த்தையே வேண்டாம். உள்ளங்கையை முன்னால் நீட்டி நிறுத்துவதும் ஒரு பேச்சுதான். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆட்கள் இருக்கும் பக்கமாக நடந்துவிட வேண்டும்.

இந்த வித்தை எப்போது வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். கூட்டமாகச் சூழ்ந்தால், அடிக்க வந்தால், கழிப்பறைக்குள் தடுத்தால், உடம்பைத் தொட்டால், நின்று பேசவே கூடாது. கத்தலாம், ஓடலாம். பிடித்துக்கொண்டால் உதறித் தள்ளிவிட்டு ஓடலாம். ஓடி வந்த குழந்தையைக் கோழை என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், தாத்தாவாகவே இருந்தாலும், அவர் வாயை முதலில் அடைத்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளையை யாரும் சீண்டுவதில்லையா? உங்களுக்கும் வேலை இருக்கிறது. பள்ளி மைதானங்களில் நேரில் பார்த்துப் பதிவு செய்த கனடா ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. வதைக்கும் நிகழ்வுகளில் பத்தில் ஒன்பதுக்கு அருகில் வேறு பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்; ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில்தான் யாராவது குறுக்கிட்டார்கள். குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல் 10 வினாடிக்குள் நின்றுபோயின. பத்தே வினாடி! குறுக்கிடுவது என்றால் போய் அடிப்பது என்று இங்கேயும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "வா, நாம் அங்கே உட்காரலாம்" என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு போவது போதும். சிரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பார்வையாளர்கள் சிரிக்கும்வரைதான் அந்த நாடகம் நடக்கும். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' என்ற பள்ளித் திட்டம் இந்தப் பார்வையாளர் பிள்ளைகளை நம்பித்தான் கட்டப்பட்டது.

குழந்தை சொல்லும்போது எப்படிக் கேட்பது? "நீ என்ன செய்தாய்? சும்மா இருப்பவனை ஏன் அடிக்கப் போகிறார்கள்?" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு எத்தனையோ பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். "என்னிடம் சொன்னது நல்லது. இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்பதுதான் முதல் வாக்கியம். அடுத்த வாக்கியத்தை யோசித்துச் சொல்லலாம், அவசரமில்லை. தானாகச் சொல்லாத குழந்தையிடம் "யாராவது அடித்தார்களா?" என்று தினமும் விசாரணை வைக்காதீர்கள். வேனில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், டிபன் யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பள்ளி விட்டு வந்ததும் வீட்டுக் கழிப்பறைக்கு ஓடுகிற குழந்தையைக் கவனியுங்கள். பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருக்கலாம், அங்கே யாராவது காத்திருக்கவும் செய்யலாம். ஞாயிறு மாலை தொடங்கும் வயிற்றுவலிக்கு மருத்துவரைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னால் 'நடிக்கிறாள்' என்று முடிவு கட்டாதீர்கள். பயத்தில் வருகிற வலியும் உண்மையான வலிதான்.

பள்ளிக்குப் போகும்போது கோபத்தோடு போகாதீர்கள். வாசலில் அந்தப் பிள்ளையைப் பிடித்து மிரட்டவே மிரட்டாதீர்கள். தேதி, இடம், நடந்தது என்று எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். 'நடவடிக்கை எடுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நாளைக் காலை வேனில் என் குழந்தை எங்கே உட்காரும், எந்தப் பெரியவர் பக்கத்தில் இருப்பார், அடுத்த வாரம் யார் என்னைக் கூப்பிட்டு நிலவரம் சொல்வார் என்று கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இருவரையும் வகுப்பின் முன் நிறுத்தி, 'ஸாரி சொல், கை கொடு' என்று முடித்து வைக்காதீர்கள். அது சண்டை போட்ட இருவருக்கான தீர்வு. வதைபட்ட குழந்தையை வதைத்தவன் கையைப் பிடிக்கச் சொல்வது இன்னொரு தண்டனை. தனித்தனியாகப் பேசுங்கள். 'எப்போது பார்த்தாலும் கோள் சொல்லிக்கொண்டு வராதே' என்று துரத்தவும் துரத்தாதீர்கள். முறையிட்ட பிள்ளைக்கு அதன் பிறகு பாதுகாப்பு வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லை பற்றிப் பள்ளியில் முறையிடப்பட்டதை அடுத்து ஒரு பட்டியல் சாதி மாணவரும், தடுக்கப் போன அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். மாணவர்களிடையே சாதி வன்மத்தைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அந்த வன்மம் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் திடீரென்று முளைப்பதில்லை. சாதிப் பெயர் சொல்லிச் சிரிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை 'சின்னப் பையன், தெரியாமல் சொல்கிறான்' என்று விட்டுவிடாதீர்கள். அவன் அந்தச் சொல்லை யாரிடம் கேட்டான் என்று விசாரியுங்கள்.

உங்கள் பிள்ளைதான் மற்றவர்களைச் சீண்டுகிறது என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள், வீட்டில் பெல்ட்டையும் எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் உதவி தேவை. அதை எங்களால் செய்ய முடியும், அழைத்து வாருங்கள்.

பள்ளி அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. 1098க்குக் குழந்தையே பேசலாம். அந்த எண்ணை அதற்கு மனப்பாடம் செய்துவைத்துவிடுங்கள். "நான் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும்" என்றோ, "செத்துப் போகிறேன்" என்றோ ஒரு குழந்தை சொன்னால், டிவியில் கேட்டதைச் சொல்கிறது என்று தள்ளிவிடாதீர்கள். தனியாக விடாமல், அன்றைக்கே ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரவாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அந்த மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள்.