திறக்காத நோட்டுகள்

மேலூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் அலுவலகத்தில், பல இடங்களில் கிடக்கும் தரவில் தேடித் தரும் ட்ரினோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அது தரவில் ஒரு வரியைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லையாம். பிறகு எப்படி நூறு கோடி வரிகளில் தேடி, சில நொடிகளில் விடை தருகிறது?"

முன்கதை சுருக்கமாக. 2012-ல் ஃபேஸ்புக்கில் நான்கு பொறியாளர்கள் பிரெஸ்டோ என்ற பெயரில் இதைத் தொடங்கினார்கள். அங்கே அதுவரை புழங்கிய ஹைவ் என்ற தேடல் மென்பொருள், ஒவ்வொரு கட்டத்து விடையையும் வட்டில் எழுதிவைத்துத் திரும்பப் படிக்கும். பிரெஸ்டோ அதை நினைவகத்திலேயே கைமாற்றியது. 2013-ல் திறமூலமானது. அதைப் படைத்தவர்கள் பின்னர் தனியாக வளர்த்த கிளைக்கு 2020 டிசம்பரில் ட்ரினோ என்று பெயர் மாறியது.

ட்ரினோவில் கோஆர்டினேட்டர் என்ற கணினி, தரவிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்-லில் நாம் எழுதிய கேள்வியைப் பிரித்துத் திட்டம் போடும். ஒர்க்கர் கணினிகள் ஆளுக்கொரு துண்டாகத் தரவைப் படிக்கும். தரவு இருக்கிற இடத்திலேயே இருக்கும். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் விடியற்காலை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டி. உசிலம்பட்டி விவசாயிகளின் மல்லிகைக் கணக்கை மட்டும் எடுக்கச் சொன்னார் முதலாளி. கணக்கப்பிள்ளை நோட்டுக்கட்டைத் தொடவே இல்லை. முதலில் முகவரிப் பதிவேட்டைப் பார்த்து, அந்த ஊர்க்காரர்களின் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகுதான் கட்டை இழுத்தார். ஒவ்வொரு நோட்டின் அட்டையிலும் '1 முதல் 200', '201 முதல் 400' என்று எழுதியிருந்தது. சீட்டில் உள்ள எண் எதுவும் அந்த எல்லைக்குள் வராவிட்டால், நோட்டைத் திறக்காமலே தள்ளிவைத்தார்.

ட்ரினோ செய்வதும் இதேதான். 'டைனமிக் ஃபில்டரிங்' என்பார்கள். விவசாயிகள் பட்டியல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது, விற்பனைப் பதிவுகள் பார்க்கே என்ற வடிவத்துக் கோப்புகளில் என்று வைத்துக்கொள்வோம். சிறிய பட்டியலை முதலில் படித்து, தேறிய எண்களைத் திரட்டி, பெரிய அட்டவணையைப் படிக்கும் ஒர்க்கர்களுக்கு ஓட்டத்தின் நடுவிலேயே அனுப்பிவிடும். கேள்வியில் நாம் எழுதாத நிபந்தனை அது! பார்க்கே கோப்பின் கடைசியில், ஒவ்வொரு வரித்தொகுதிக்கும் மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்புகளைக் குறித்து வைத்திருப்பது வழக்கம். அதுதான் நோட்டின் அட்டை. சீட்டோடு பொருந்தாத தொகுதியை வட்டிலிருந்து எடுப்பதே இல்லை. எண்கள் அளவுக்கு மீறிப் போனால், முழுப் பட்டியலை விட்டுவிட்டு, சிறியது பெரியது என்ற எல்லையை மட்டும் அனுப்பும்.

எண்கள் எல்லா நோட்டிலும் சிதறிக் கிடந்தால் அட்டையால் பயனில்லை. அட்டவணையின் எந்த நெடுவரிசையில் அடிக்கடி தேடுவோமோ, அதன்படி அடுக்கி எழுதினால்தான் இந்த வித்தை பலிக்கும்.

நம்மூர்க் கல்லூரிகளில் எஸ்கியூஎல் இன்னமும் ஒற்றைக் கணினியோடு நின்றுவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. அப்பாச்சி 2.0 உரிமத்தில் மூலநிரல் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்டு விழாப் பந்தலுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை ஒதுக்கி, நான்கு பழைய கணினிகளை இணைத்துக் கொடுத்தால், நான் மண்டியில் கண்டதை மாணவர்கள் திரையிலேயே காண்பார்கள்.

மேலூர் வாசகிக்கு: உங்கள் கேள்வியை, ஓடிய விவரத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளை போட்டு ஓட்டுங்கள். பிறகு அந்த செஷனில் டைனமிக் ஃபில்டரிங்கை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். விற்பனை அட்டவணையிலிருந்து இரண்டு முறையும் எத்தனை வரிகள் படிக்கப்பட்டன என்று பாருங்கள். வித்தியாசத்தை எனக்கும் எழுதுங்கள்.