மாலை ஆறரைக்குப் பிறகு வரும் நோய்கள்

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரின் வேலை நேரம் வார நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 6.30 வரை. அதற்கு மேலும், சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளிலும் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போட வேண்டும். தேவைப்பட்டால் அங்கிருந்து இரவுப்பணி டாக்டரிடம் அனுப்புவார்கள். டாக்டர் பார்த்து முடித்ததும், இருமல், வயிற்றுப்போக்கு, வீசிங் என்று அதற்குரிய குறியீட்டைக் கணினியில் பதிவார். பெயர், முகவரி நீக்கப்பட்டு அந்தக் குறியீடுகள் தினமும் பொதுச் சுகாதார முகமைக்குப் போகின்றன. வாராவாரம் அறிக்கை வருகிறது.

இதில் எதுவும் ஆய்வகம் உறுதி செய்த நோய் அல்ல. காய்ச்சலோடு வரும் எல்லோருக்கும் சளி எடுத்துப் பரிசோதிப்பதும் இல்லை. பரிசோதித்தாலும் முடிவு வரக் காத்திருக்க வேண்டும். அறிகுறியை எண்ணினால் துல்லியம் குறையும், ஆனால் மறுநாளே கையில் எண் இருக்கும். இலையுதிர் காலத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் மூச்சிரைப்பு ஏறத் தொடங்கினால், சிறு குழந்தைகளின் சுவாசப் பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸ் சுற்ற ஆரம்பித்துவிட்டதாகச் சந்தேகிக்கலாம்.

எண்ணுவது சுலபம், ஒப்பிடுவதுதான் தலைவலி. சனிக்கிழமை கூட்டத்தைச் செவ்வாயோடு ஒப்பிட முடியாது. அதனால் வார இறுதியையும் விடுமுறையையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்கிறார்கள். இரவுச் சேவைக்கென்று பதிவு செய்த மக்கள்தொகை கிடையாது. ஆகவே டாக்டர்கள் பதிந்த மொத்தக் குறியீடுகளில் ஒரு நோய் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. 1,000 பேரில் 50 பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் 5 சதவீதம். அடுத்த வாரம் இருமலோடு 250 பேர் கூடுதலாக வந்தால், அதே 50 பேர் 4 சதவீதமாகிவிடுவார்கள். வயிற்றுப்போக்கு துளியும் குறையவில்லை, வரைபடத்தில் கோடு மட்டும் இறங்கும்.

இன்னொரு சிக்கல், டாக்டரிடம் போகலாமா வேண்டாமா என்ற முடிவு. 2015 ஆகஸ்டில் வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிக் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி தென்பட்டது. சுமார் 3 லட்சம் வீடுகளுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். செய்திகளில் ஒரே பேச்சு. இதே முறையில் கண்காணிக்கப்படும் பகல்நேரக் கிளினிக்குகளில் வயிற்றுக் கோளாறுக்காக வந்தவர்கள் கிட்டத்தட்ட 25 சதவீதம் கூடினார்கள். விசாரித்துப் பார்த்தால், அந்தத் தண்ணீரால் வந்தது என்று ஆய்வகம் உறுதி செய்த ஒரு நோயாளிகூட இல்லை. வேறு நாளில் மோரைக் குடித்துவிட்டுப் படுத்திருப்பவரும் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கத்தின் சாரம்.

அதைப் பொய் எச்சரிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கிருமியைத் தேடுபவருக்குத்தான் அது தவறான தடயம். அந்த வாரம் எத்தனை டாக்டர்களைப் பணியில் போடுவது என்று திட்டமிடுபவருக்கு வேண்டியது அந்த எண்தான்.