கல் வீடு நிலநடுக்கத்தைத் தாங்குமா? தெருவில் நின்றே கணிக்கும் முறை

1993 செப்டம்பர் 30 விடியற்காலை, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரியைச் சுற்றி நிலம் குலுங்கியது. அளவு 6.2, உலகக் கணக்கில் நடுத்தரம்தான். இறந்தவர்களோ 8,000 முதல் 10,000 பேர். அன்றைய நிலநடுக்க அபாய வரைபடத்தில் அந்தப் பகுதி ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது.

ஆட்களைக் கொன்றவை இரண்டடி, அதற்கும் மேல் தடித்த உடைகல் சுவர்கள். பார்க்கக் கோட்டை மாதிரி இருக்கும். உள்ளே ஒரு வரிசைக் கல், வெளியே ஒரு வரிசை, நடுவில் சல்லியும் மண்ணும். குலுங்கினால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து சரியும். மேலே வெயிலுக்காகப் போட்ட கனத்த மண் கூரை வேறு. நிறை கூடினால் நிலநடுக்க விசையும் கூடும் என்பதால், தடிமனே சுமையாகிப் போனது.

இப்படிப்பட்ட கட்டடங்களை விழுவதற்கு முன்பே அடையாளம் காண ஒரு வழி, விரைவுக் காட்சி மதிப்பீடு. கணக்கீடு கிடையாது, சுவரைத் துளைப்பதும் கிடையாது. பயிற்சி பெற்ற ஒருவர் படிவத்தோடு கட்டடத்தைச் சுற்றி நடந்து, அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். 1988இல் அமெரிக்காவில் வந்த முறை, கட்டட வகைக்கு ஒரு மதிப்பெண் கொடுத்து, மாடி, வடிவம், மண் ஆகியவற்றுக்கேற்ப அதைக் கூட்டிக் குறைக்கிறது. இது மடக்கை அளவு: 2 என்றால் பெரிய நிலநடுக்கத்தில் இடிய நூற்றில் ஒரு வாய்ப்பு, 1 என்றால் பத்தில் ஒன்று. 2க்குக் கீழே போனால் விரிவான ஆய்வு வேண்டும்.

சிக்கல் இங்கேதான். கம்பியில்லாத செங்கல், கல் கட்டடங்களுக்கு அதிர்வு மிகுந்த பகுதிகளில் தொடக்க மதிப்பெண்ணே 2க்குக் கீழ். அதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் தெருத்தெருவாக எல்லா வீடும் ஃபெயில். எதை முதலில் சரிசெய்வது என்று அது சொல்லாது. ஆகவே 2009இல் திருத்தி வெளிவந்த இந்தியத் தர விதி ஐஎஸ் 13935, சுவரின் வகையையும் மண்டலத்தையும் வைத்து, ஜி1 (லேசான சேதம்) முதல் ஜி5 (முழுதாக இடிவது) வரை எவ்வளவு சேதம் வரலாம் என்று கணிக்கிறது.

கண் தேட வேண்டியது முக்கியமாக ஒன்றைத்தான்: நான்கு சுவரும் ஒரு பெட்டியாகக் கட்டுண்டிருக்கின்றனவா? நீளவாக்கில் தள்ளினால் சுவர் நன்றாகவே தாங்கும். முகத்தில் தள்ளினால் கவிழும். பக்கத்துச் சுவர் பிடித்துக்கொண்டால்தான் தப்பும். அதனால் மூலையில் செங்குத்து விரிசல் தெரிந்தால் உடனே குறிக்க வேண்டும். மூலையை ஒட்டிய ஜன்னல், சுவர் நீளத்தில் பாதிக்கு மேல் விழுங்கும் திறப்புகள், தாங்கலில்லாத உயரமான கைப்பிடிச் சுவர், வயிறு தள்ளிய கல் சுவர் எல்லாமே கெட்ட அறிகுறிகள்.

கதவு, ஜன்னலுக்கு மேலே, அதாவது லிண்டல் மட்டத்தில், சுவர்களை ஒன்றாகக் கட்டும் கான்கிரீட் பட்டையான பெல்ட் கான்கிரீட் சுற்றிலும் ஓடுகிறதா என்பதுதான் மிக முக்கியமான கேள்வி. பூச்சு அதை மறைத்துவிடும். பூசாத பின்பக்கச் சுவரைப் பார்க்கலாம். கட்டிய கொத்தனார் அதே ஊரில் இருந்தால் அவரைக் கேட்பது இன்னும் நல்லது. ஜன்னலுக்கு மேல் மட்டும் தெரியும் லிண்டல் துண்டைப் பெல்ட் என்று எழுதிவிடுவது எளிதாக நேரும் பிழை.

2002இல் அபாய வரைபடத்திலிருந்து முதல் மண்டலமே நீக்கப்பட்டது. சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. பழைய கல் சுவருக்கு மருந்தும் உண்டு. ஆங்காங்கே ஒரு கல்லைப் பெயர்த்து, இரு முனையும் வளைத்த கம்பியைக் குறுக்கே நுழைத்து, கான்கிரீட்டால் அடைத்தால் இரண்டு வரிசையும் ஒன்றாகப் பிணையும். லிண்டல் மட்டத்தில் சுவரின் இருபுறமும் கம்பி வலை வைத்துப் பூசினால் இல்லாத பெல்ட்டும் கிடைத்துவிடும்.