பனிப் புலியின் கோடுகள் ஏன் கலைகின்றன?

காட்டுயிர்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தப் பனிச்சிற்பம் அருமையான வழி. செதுக்குவதுகூடக் கைவந்துவிடும், வண்ணம் ஏற்றும்போதுதான் புலியின் கோடுகள் வயிறு வரை ஒழுகும். குற்றம் சாயத்தில் இல்லை, அதைச் சுமந்து வரும் தண்ணீரில்.

தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 334 ஜூல் வெப்பத்தை வெளிவிடும். அதைச் சுற்றியுள்ள பனிதான் வாங்கிக்கொள்ள வேண்டும். பனி மைனஸ் 5 டிகிரி செல்சியஸில் இருந்தால், ஒரு கிராம் தண்ணீரை உறைய வைக்க ஏறக்குறைய 32 கிராம் பனி வேண்டும். மைனஸ் 10 என்றால் 16 கிராம் போதும். அளவு மீறினால் மிச்சத் தண்ணீர் பனித்துகள்களின் இடுக்குகளில் ஊர்ந்து பரவும். பூஜ்ஜியத்தில் நிற்கும் பனியில் எதுவுமே உறையாது. அதனால் வண்ண வேலைக்குக் கடுங்குளிர்க் காலைதான் ஏற்றது.

அரை லிட்டர் குளிர்ந்த நீருக்கு ஒரு தேக்கரண்டி திரவ உணவுச் சாயம். வெந்நீர் ஆகாது, சாதாரணப் பெயின்ட்டும் வேண்டாம், பனி உருகினால் மண்ணுக்குத்தான் போகும். மென்துளியாய்த் தூவும் ஸ்பிரே பாட்டிலை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, நடுவே பத்து நிமிடம் விட்டு அடிக்க வேண்டும். வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் கடைசியில். வெள்ளைக்குப் பனியே இருக்கிறது. கோடுகளுக்கு அட்டையில் வெட்டிய அச்சு உதவும். கருப்புதான் தொல்லை: பல கருப்புச் சாயங்கள் கலவை நிறங்கள், ஈரத்தில் பிரிந்து ஓரத்தில் ஊதாவோ பச்சையோ காட்டும்.

உடல் கட்டுவதில் பொறுமைதான் முக்கியம். புதுப்பனியை மரப்பெட்டியில் 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகக் கொட்டி மிதித்து, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். அந்நேரத்தில் துகள்கள் தொடும் இடங்களில் நீராவி படிந்து, கழுத்துபோல ஒட்டுப்பாலம் வளரும். மறுநாள் கரண்டிக்கும் ரம்பத்துக்கும் தாங்கும். மிதித்த பனி ஒரு கனமீட்டர் 400 கிலோவைத் தாண்டும் என்பதால் அடியைக் குடைந்து பிள்ளைகளை நுழையவிடக் கூடாது. ஃபிளமிங்கோ, ஒட்டகச்சிவிங்கியெல்லாம் ஆசைக்குச் சரி, கால் நிற்காது. படுத்த புலி, உட்கார்ந்த தவளை, பேரரசப் பெங்குயின் ஆகியவை பிழைக்கும். பெங்குயினை 110 சென்டிமீட்டர் உயரத்தில் செய்தால் அசல் அளவே வந்துவிடும்; பிள்ளைகள் பக்கத்தில் நின்று அளந்து பார்க்கலாம்.

நிறத்தின் பொருளையும் அங்கேயே சொல்லலாம். மான்களின் கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் இருவகையே உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. நமக்குப் பளிச்சென்ற புலி அவற்றுக்குப் புதரோடு புதர். பெங்குயினின் கருமுதுகு மேலிருந்து பார்த்தால் ஆழ்கடலோடும், வெண்வயிறு கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடும் கலந்துவிடும்.

ஆனால் பனிச்சிற்பத்தில் அந்தக் கருமுதுகே எதிரி. புதுப்பனி சூரிய ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், கருப்பு விழுங்கிவிடும். நடுப்பகலுக்குள் புலியின் கோடுகள் பள்ளமாகும். வடகோளத்தில் முதுகை வடக்கே திருப்பி வைத்தால் ஒரு நாளாவது கூடுதலாக நிற்கும். பள்ளம் விழுந்த இடத்தில் நீரில் குழைத்த பனியை மாலையில் அப்பிவிட்டு, விடிந்ததும் மறுபடி தெளித்துக்கொள்ளலாம்.