ரேம் வாங்குவதற்கு முன்னால் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள்

ஆவணி மாதம். முகூர்த்த நாட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம். கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு அக்கா காலையிலேயே போன் செய்தார். "தம்பி, சிஸ்டம் ஆன் ஆகுது, எல்லாம் ஓடுது. போட்டோஷாப்பும் குரோமும் தொறந்து வச்சுட்டு அடுத்ததா ஒண்ணைத் தொறந்தா மட்டும் மெமரி இல்லைன்னு சொல்லுது. ஆனா ரெண்டரை ஜிபி சும்மா கிடக்குன்னு அதுவே காட்டுது. எதைத்தான் நம்புறது?"

பத்து வருடத்துக்கு மேலாகக் கணினி பழுது பார்க்கிறேன். இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை. அவர் சொன்ன இரண்டுமே உண்மை. இடமும் இருந்தது, இடம் இல்லை என்று விண்டோஸ் சொன்னதும் சரிதான்.

போய்ப் பார்த்தேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரியைத் தொட்டால் ஒரு வரைபடம், அதற்குக் கீழே சில எண்கள். எல்லோரும் பார்ப்பது 'இன் யூஸ்' என்ற எண்ணை. அவர் கணினியில் அது 5.2 ஜிபி. பக்கத்திலேயே 'கமிட்டெட்' என்று இன்னொன்று இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. அங்கே 7.7/7.8 என்று நின்றது. கோளாறு முழுவதும் அந்த இரண்டு எண்களுக்குள்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் இல்லையா, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் 'இன் யூஸ்'. உட்கார்ந்தவர்களையும் துண்டு போட்ட சீட்டுகளையும் சேர்த்து எண்ணினால் 'கமிட்டெட்'. போட்டோஷாப் திறக்கும்போதே தனக்குப் பின்னால் தேவைப்படும் இடத்துக்கும் சேர்த்துத் துண்டு போட்டுவிடும். குரோமும் ஒவ்வொரு டேபுக்கும் அதையே செய்யும். சீட் காலியாகத்தான் தெரியும், ஆனால் அது கொடுத்து முடிந்த சீட். ஒருமுறை கொடுத்த சீட்டை விண்டோஸ் இன்னொருவருக்குக் கொடுக்காது. அத்தனை சீட்டிலும் துண்டு விழுந்துவிட்டால், புதிதாக வரும் நிரலிடம் இடம் இல்லை என்று சொல்லிவிடும்.

அப்படியானால் மொத்தம் எத்தனை சீட்? ரேம் எவ்வளவோ அவ்வளவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரேமோடு சி டிரைவில் இருக்கும் பேஜ் ஃபைலும், அதாவது ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் ஒதுக்கி வைக்கும் கோப்பும், சேர்ந்ததுதான் மொத்தக் கணக்கு. பின்னால் வரும் இன்னொரு பஸ் மாதிரி அது. எட்டு ஜிபி ரேம் உள்ள கணினியில் 'கமிட்டெட்' கோட்டுக்கு வலது பக்கம் பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று ஏதாவது இருக்க வேண்டும். அக்கா கணினியில் 7.8-லேயே நின்றது. பேஜ் ஃபைலே இல்லை என்று அர்த்தம்.

"இதை யாராவது மாத்தினாங்களா அக்கா?" என்று கேட்டேன். காலேஜ் படிக்கும் மகன், எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டால் பேஜ் ஃபைலை எடுத்துவிட வேண்டும், வேகம் கூடும், டிஸ்கும் தேயாது என்று ஒரு வீடியோவில் பார்த்துச் செய்திருக்கிறான். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த யோசனை தவறு. கடையில் நடக்கிற அளவு வேலைக்கு பேஜ் ஃபைலால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அதை எடுத்துவிட்டால் கிடைக்கும் பலன் இதுதான்: மெமரி பாதி காலியாக இருக்கும்போதே கணினி கைவிரித்துவிடும்.

சரி செய்ய ஐந்து நிமிடம் ஆனது. ஸ்டார்ட்டில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, பெர்ஃபாமன்ஸ் செட்டிங்ஸுக்குள் மறுபடி அட்வான்ஸ்டு பக்கம் போனால் விர்ச்சுவல் மெமரி இருக்கும். அதில் 'ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்' என்ற கட்டத்தில் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். அதே போட்டோஷாப், அதே டேபுகளைத் திறந்தபோது 7.6/10.3 என்று வந்தது. இன்னும் இரண்டு நிரல்களைத் திறக்கச் சொன்னேன். திறந்தன. வேலை கூடக்கூட வலது பக்க எண்ணும் தானாக வளர்ந்தது.

எனக்கு மனது கஷ்டமாக இருந்தது வேறு விஷயத்தில். இதே கோளாறுக்காக அந்தக் கணினியை அதற்கு முன் ஒருமுறை வேறொரு கடையில் ஃபார்மட் செய்திருந்தார்கள். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த தமிழ் எழுத்துருக்கள் அதில் போய்விட்டன. பழைய பத்திரிகைக் கோப்புகளைத் திறந்தால் எழுத்துகள் கட்டம் கட்டமாக வருகின்றன. ஃபார்மட் செய்ததும் பேஜ் ஃபைலும் தானாகத் திரும்பி வந்திருக்கும், அதனால் கணினி சரியாகிவிட்ட மாதிரி தெரிந்திருக்கும். பிறகு மகன் மறுபடி பழைய மாற்றத்தைச் செய்ய, மறுபடி அதே செய்தி. காரணம் தெரியாமல் செய்த ஃபார்மட், கோளாறை நான்கு வாரத்துக்குத் தள்ளி வைத்தது, அவ்வளவுதான். அதற்கு விலையாகப் போனது மூன்று வருட உழைப்பு. மெமரி இல்லை என்ற செய்திக்கு முதல் மருந்தாக ஃபார்மட்டைச் சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேஜ் ஃபைலை யாரும் தொடாத கணினியிலும் இதே நிலை வரலாம். சி டிரைவ் நிரம்பிவிட்டால் பேஜ் ஃபைல் வளர இடம் இருக்காது. இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆதார் நகல், மார்க் ஷீட், போட்டோ எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மலையாகக் குவிந்திருக்கும். சி டிரைவில் சிவப்புக் கோடு, சில நூறு எம்பி மிச்சம். பத்துப் பதினைந்து ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும். அடுத்தவருடைய ஆவணங்களை மாதக்கணக்கில் வைத்திருப்பது தனியாக ஒரு ஆபத்து. வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

அப்புறம், ரேமைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் 'பூஸ்டர்' நிரல்கள். அவை உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பிப் பின்னால் வரும் பஸ்ஸுக்கு அனுப்புகின்றன. 'இன் யூஸ்' எண் சட்டென்று குறையும், நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் துண்டுகள் அப்படியே இருக்கும், 'கமிட்டெட்' குறையாது. சற்று நேரத்தில் எழுப்பப்பட்டவர்கள் திரும்பி வருவார்கள், கணினி இன்னும் மெதுவாகும். ஒன்றுகூடத் தேவையில்லை, நீக்கிவிடலாம்.

இன்னொரு வகைக் கோளாறு பிடிபடவே நாளாகும். ஒரு கணக்காளர் அலுவலகம். தினமும் இரவு ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆனாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எதுவும் திறக்காமல் அடம்பிடிக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியூ பக்கத்தில் 'அப் டைம்' பார்த்தேன். 23 நாட்கள். நேற்று இரவு அணைத்த கணினி 23 நாட்களாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அங்கிருந்த பெரியவர் நம்பவே மறுத்தார். விண்டோஸ் 8-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் நம் நிரல்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உள் மையமும் டிரைவர்களும் (பிரிண்டர், நெட்வொர்க் போன்றவற்றை இயக்கும் சிறு நிரல்கள்) அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கப்பட்டு, காலையில் அதே நிலையில் எழுப்பப்படும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதனால் டிரைவர் ஒன்று வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால், அது நாள் நாளாகச் சேர்ந்துகொண்டே போகும்.

அங்கே மெமரி பக்கத்தில் 'நான்பேஜ்டு பூல்' என்ற எண், அதாவது விண்டோஸின் மையமும் டிரைவர்களும் ரேமிலேயே பிடித்து வைத்திருக்கும் இடம், 3 ஜிபியைத் தாண்டியிருந்தது. வழக்கமாக அது சில நூறு எம்பிதான் இருக்கும். எடுத்துப்போட்டுப் பார்த்ததில், எப்போதோ நீக்கிய ஒரு வைரஸ் தடுப்பு நிரலின் நெட்வொர்க் டிரைவர் மட்டும் மிச்சமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை முழுவதும் நீக்கினோம். அந்த டிரைவரைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆனது. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகி, அணைத்துப் போட்டால் சரியாகவில்லை என்பதை அவர்கள் கவனித்துச் சொல்லியிருந்தால், பாதி நேரத்தில் முடிந்திருக்கும்.

சில சமயம் ரேமும் இருக்கும், 'கமிட்டெட்' எண்ணும் பாதியில்தான் நிற்கும், ஆனாலும் வேலை நடக்காது. ரைட் கிளிக் செய்தால் மெனு வராது, பொத்தான்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம், ஜன்னல் பாதி வரைந்து நிற்கும். விண்டோஸ் ஒவ்வொரு நிரலுக்கும் திரையில் வரையும் பொருள்களுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் என்று பெயர், ஒரு நிரலுக்கு 10,000. பழைய பில்லிங் நிரல் ஒன்று ஒவ்வொரு பில்லுக்கும் சிலவற்றை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். காலையில் 400, மாலை ஐந்து மணிக்கு 9,900, அதற்குப் பிறகு அது திரையில் எதையும் வரையவில்லை. டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் அந்த நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்தால் எண் ஏறுவது கண்ணெதிரே தெரியும். நிரலைச் செய்து கொடுத்தவர்தான் இதைச் சரி செய்ய வேண்டும். அதுவரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நிரலை மூடித் திறந்தால் போதும். இதற்குப் போய் ரேம் வாங்கினால் காசு வீண். பழைய 32 பிட் நிரல்களும் அப்படித்தான். கணினியில் 16 ஜிபி இருந்தாலும் அவற்றுக்கு எட்டுவது பொதுவாக 2 ஜிபி, சிலவற்றுக்கு அதிகபட்சம் 4.

எல்லா நிரலும் திறந்து, டாஸ்க் மேனேஜரும் வைரஸ் தடுப்பும் மட்டும் திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் மெமரி பிரச்சினை இல்லை. வைரஸ் மாதிரி ஏதோ ஒரு தீய நிரல் வேண்டுமென்றே தடுத்துக்கொண்டிருக்கலாம். இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு உடனே தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பிரவுசரில் திரை முழுக்க எச்சரிக்கை வந்து ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொன்னால் அழைக்கவே அழைக்காதீர்கள். விண்டோஸ் அப்படி எண் கொடுக்காது.

மெமரி குறைவு என்ற செய்தி வரும் அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் பதறிப்போய் முதலில் சேவ் கொடுக்கிறார்கள். புதிய கோப்பாக இருந்தால் பெயர் கேட்கும் ஜன்னல் திறக்கவே மெமரி வேண்டும். அது திறக்காமல் நிரலே மூடிக்கொண்டதை இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் பிரவுசரை மூடுங்கள். அதில் நிரப்பிக்கொண்டிருக்கும் விண்ணப்பம் ஏதும் இருந்தால் அந்த டேபை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மூடுங்கள். ஓரிரு வினாடியில் இடம் கிடைக்கும். அதன் பிறகு சேவ். அதன் பிறகுதான் மற்றவை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, எதுவுமே நகராமல் போனால் மட்டும்.

உண்மையாகவே ரேம் போதாத கணினிகளும் உண்டு. பேஜ் ஃபைல் இருந்து, சி டிரைவில் இடமும் இருந்து, வழக்கமான வேலையின்போதே 'இன் யூஸ்' எப்போதும் உச்சியைத் தொட்டுக்கொண்டு, ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால் ரேம் வாங்குங்கள். நானே வாங்கச் சொல்வேன். அக்காவுக்கும் முகூர்த்தச் சீசன் முடிந்ததும் இன்னொரு எட்டு ஜிபி போட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன், ஆனால் அவசரம் இல்லை என்றேன்.

போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. திரையைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். 'கமிட்டெட்' 9.8/14.1. கீழே ஒரு வரி: "தம்பி, இன்னும் இடம் இருக்குல்ல?" இருக்கிறது அக்கா என்று பதில் போட்டேன்.