டிஸ்கவரி: கண்டுபிடிப்பு அன்று, வெளிப்படுத்துகை

அமெரிக்காவில் வாடகை வீட்டிலிருக்கும் உறவினர், தமக்கு வந்த வழக்குக் கடதாசியைக் கைப்பேசியில் அனுப்பி மட்டக்களப்பிலுள்ளவரிடம் பொருள் கேட்கும்போது, ‘மோஷன் டு கம்பெல் டிஸ்கவரி ரெஸ்பொன்சஸ்’ என்ற தலைப்பு பலரைத் திணறவைக்கிறது. அதிலுள்ள ‘டிஸ்கவரி’யை அகராதியைப் பார்த்து ‘கண்டுபிடிப்பு’ என்று சொல்லிவிடுவது பிழை. வழக்கில் ஒரு தரப்பார் கேட்கும் தகவல்களையும் ஆவணங்களையும் மற்றத் தரப்பார் திறந்து காட்டுவதையே அது குறிக்கிறது.

இலத்தீனில் ‘மூடு’ என்னும் பொருளுடைய வினையோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லுக்கு ‘மூடியதைத் திறத்தல்’ என்பதே முதற்பொருள். தேடுபவரின் செயலைக் குறிக்கும் இன்றைய பொருள் பின்னர் வலுத்தது. நீதிமன்றமோ, வைத்திருப்பவர் திறந்து காட்டும் பழைய பொருளை விடவில்லை. இங்கிலாந்தில் 1999இல் நடைமுறைக்கு வந்த விதிகள் அச்சொல்லையே கைவிட்டு வெளிப்படுத்தலைக் குறிக்கும் ‘டிஸ்குளோசர்’ என்பதை ஏற்றன.

ஆகவே ‘வெளிப்படுத்துகை’ என்பதே தகும். ‘வெளிப்படுகை’ என்றால் தானாக நிகழ்வதாகிவிடும். பிறவினையில்தான் ஒருவரின் கடமை தெரிகிறது. முழுத் தொடரை ‘வெளிப்படுத்துகைக் கோரிக்கைகளுக்கு மறுமொழி அளிக்குமாறு கட்டளையிடக் கோரும் விண்ணப்பம்’ எனலாம். நீளந்தான், ஆனால் மயக்கமில்லை. இத்தகைய வழக்கில் ‘லேண்ட்லோட்’ என்பவரை வீட்டுச் சொந்தக்காரர் என்றே எழுதவேண்டும். போடியார் என்றால் நம் பக்கத்தில் வயற்காணி நினைவுக்கு வந்துவிடும்.

வாடகை நிலுவை என்று சொந்தக்காரர் வழக்கிட்டால், குடியிருப்பவர் அவருடைய கணக்குப் புத்தகத்தையும் திருத்த வேலைச் சிட்டைகளையும் கேட்கலாம். அவர் இவருடைய பற்றுச்சீட்டுகளையும் வங்கி வைப்புத் துண்டுகளையும் கேட்கலாம். கலிபோர்னியாவில் வீட்டைவிட்டு வெளியேற்றும் வழக்குகளில் மறுமொழிக்குப் பொதுவாக 5 நாட்களே உண்டு. மற்ற வழக்குகளில் அது 30 நாள். மறுமொழியே வராதபோதும், வந்தது மழுப்பலாக இருக்கும்போதும் மேற்படி விண்ணப்பம் எழுகிறது.

இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும் இதற்கு இடமுண்டு. 94ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதியோடு எழுத்து வினாக்கள் அனுப்பலாம். 102ஆம் பிரிவு, கைவசமுள்ள ஆவணங்களைச் சத்தியக்கடதாசி மூலம் வெளிப்படுத்தக் கட்டளையிட இடமளிக்கிறது. கட்டளைக்குப் பணியாத வழக்காளியின் வழக்குத் தள்ளுபடியாகலாம். எதிராளியின் எதிர்வாதம் நீக்கப்படலாம். இதைச் சொல்வது 109ஆம் பிரிவு.